ஃபைல் மேலே போயிருக்கு

ரெண்டு நாள் லீவு போட்டுட்டு பெங்களூரிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். தாத்தா பேரில் கிடக்கும் முக்கால் ஏக்கர் புஞ்சையை அப்பா பேருக்கு மாற்ற வேண்டும். பட்டா மாறுதல். மனு கொடுத்து எட்டு மாசம் ஆச்சு. ஆன்லைனில் பார்த்தால் 'பரிசீலனையில் உள்ளது' என்கிறது. எட்டு மாசமாக அதே வரிதான்.

நேரில் போனோம். எந்த ஆபீஸ் என்று சொல்லப் போவதில்லை, அப்பா இன்னும் அங்கே போக வேண்டியிருக்கிறது :-)

"ஃபைல் மேலே போயிருக்குங்க பெரியவரே" என்றார் அங்கிருந்தவர்.

"மேலேன்னா யாருகிட்டங்க?"

"மேலேதாங்க."

அப்பா ஒரு விநாடி நிஜமாகவே மேலே பார்த்தார். ஓட்டு வளையில் பல்லி ஒன்று இருந்தது.

வரும் வழியில் டீ குடிக்கும்போது எனக்கு என் வேலை ஞாபகம் வந்தது. நாங்கள் கோடு எழுதும் இடத்தில் 'கிட் பிளேம்' என்று ஒரு கட்டளை உண்டு. எந்த வரியின் மேல் கை வைத்துக் கேட்டாலும், அதை யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு மாற்றினார் என்று காட்டிவிடும். நடுராத்திரி சர்வர் படுத்துக்கொண்டால் முதல் வேலை அதுதான். பல தடவை என் பேரே வந்து பல்லிளித்திருக்கிறது. பேர் வந்தபிறகு திட்டு வாங்கி, சரிசெய்துவிட்டுத் தூங்கப் போகலாம். பேரே வராவிட்டால் என்ன செய்வது? அரசாங்க ஃபைலில் இருப்பது பதவி. 'மேலே' என்பது பதவிகூட இல்லை, அது வெறும் திசை.

இந்தத் திசைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது, அதில் எங்க மாவட்டத்துக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்துடுங்க.

1792. மூன்றாம் மைசூர்ப் போரில் தோற்ற திப்பு சுல்தான், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமகாலைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்கிறார். இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிச் சீமைதான் அந்தப் பாரமகால். வரி வசூலை ஒழுங்குபடுத்த கேப்டன் அலெக்சாண்டர் ரீட் வருகிறார், கூட உதவிக்கு மூன்று ராணுவ அதிகாரிகள். அதில் ஒருவர் தாமஸ் மன்றோ. சென்னையில் தீவுத்திடல் பக்கம் சேணமில்லாத குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். 1799 வரை ஏழு வருஷம் பாரமகாலில் இருந்தார். நிலத்தை அளந்து, ஒவ்வொரு குடியானவனிடமும் அரசாங்கமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை ரீட், மன்றோ கையில் இங்கேதான் உருப்பெற்றது. அப்பாவின் பட்டாவுக்குக் கொள்ளுத்தாத்தா என்று வைத்துக்கொள்ளலாம்.

யோசித்துப் பார்த்தால் அது ஒருவகையில் வெளிப்படையான ஏற்பாடுதான். நடுவில் ஜமீன்தார் இல்லை. இன்னார் நிலம், இவ்வளவு தீர்வை என்று பேர் போட்டு எழுதியாகிவிட்டது. ஆனால் பேர் எழுதப்பட்டது குடியானவனுக்கு மட்டும். வாங்குகிற பக்கம் பதவி மட்டும்தான்: கலெக்டர், தாசில்தார், கர்ணம்.

1816-ல் இன்னொரு காரியம் நடந்தது. மன்றோ தலைமையிலான கமிஷனின் யோசனைப்படி, அதுவரை நீதிபதிகளிடம் இருந்த போலீஸ், மேஜிஸ்திரேட் அதிகாரங்கள் கலெக்டரிடம் வந்தன. வரி வாங்கும் தாசில்தாரே போலீஸ் அதிகாரியும் ஆனார். சிக்கனமான ஏற்பாடு. ஆனால் தாசில்தாரின் ஆள் அடித்தான் என்றால் குடியானவன் எங்கே போய்ப் புகார் சொல்வான்? அதே தாசில்தாரிடம். அதற்கும் மேல் என்றால், வசூல் குறைந்தால் முகம் சுளிக்கும் கலெக்டரிடம்.

அடி நிஜமாகவே விழுந்தது. நம் கிராமங்களில் 'கிட்டி போட்டு வாங்கிட்டாங்க' என்று இன்றைக்கும் பெரிசுகள் சொல்வதுண்டு. கிட்டி என்பது விரல்களை நடுவில் வைத்து நெருக்கும் கட்டை. அண்ணாந்தாள் என்று இன்னொன்று, ஆளைக் குனிய வைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது. எல்லாம் வரி பாக்கிக்காக.

இதை லண்டன் வரைக்கும் கொண்டுபோனதில் ஒரு சென்னைக்காரருக்குப் பெரிய பங்கு உண்டு. கஜுலு லட்சுமிநரசு செட்டி. 'கிரசென்ட்' பத்திரிகை நடத்தியவர், 1852-ல் சென்னை மக்கள் சங்கத்தைத் தொடங்கியவர். 1853-ல் டான்பி சீமோர் என்ற பிரிட்டிஷ் எம்.பி. வந்தபோது அவரை ஊர் ஊராகக் கூட்டிப்போய் நிலைமையைக் காட்டினார். அடுத்த வருஷம் பாராளுமன்றத்தில் விவாதம் வெடிக்க, 1854-ல் சித்திரவதை விசாரணைக் கமிஷன் போட்டார்கள். எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று பேர். கம்ப்யூட்டரும் ரயிலும் இல்லாத காலம். மூன்று மாசத்தில் வந்த புகார்கள் 1959. அதில் 519 பேர் நேரிலேயே வந்து நின்றார்கள், மீதி 1440 கடிதங்கள். அன்று தர்மபுரி இருந்த சேலம் ஜில்லாவும் இந்த ராஜதானிக்குள்தான்.

1855-ல் அறிக்கை வந்தது. சித்திரவதை நடக்கிறது, வரி வசூலுக்காகவே நடக்கிறது என்று ஒப்புக்கொண்டது. எல்லாவற்றையும் விட, பாதிக்கப்பட்டவன் நியாயம் கேட்டுப் போக வழியே இல்லை என்பதுதான் தங்களை அதிகம் உறுத்தியதாகவும் எழுதினார்கள். கார்ல் மார்க்ஸ்கூட 1857-ல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இதை வைத்து ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்.

எல்லாம் சரி, செய்தது யார்? கீழே இருக்கும் உள்ளூர்ச் சிப்பந்திகள். மேலே இருக்கும் ஐரோப்பிய அதிகாரிகள் இதற்கு உடந்தையில்லை என்று கமிஷன் முடித்துவிட்டது. வசூல் கணக்கு மேலே போகும், மெடல் மேலே போகும், பழி மட்டும் கீழேயே நின்றுவிடும். ஒரே நல்லது, 1859-ல் தனிப் போலீஸ் சட்டம் வந்து, வரி வாங்குகிறவரையும் போலீஸையும் பிரித்தார்கள். 1882-ல் சென்னை வனச்சட்டம் வந்தது. ஆக வருவாய், போலீஸ், வனம் என்று மூன்று துறைகள். ஒன்று தப்பு செய்தால் இன்னொன்று கேட்கும் என்பதுதானே பிரித்து வைப்பதன் அர்த்தம்?

மூன்றும் சேர்ந்தே ஒரு ஊருக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்கு எங்க மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது.

அரூரிலிருந்து கொஞ்ச தூரம், சித்தேரி மலை அடிவாரம். வாச்சாத்தி. பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளா இல்லைங்க, மலையில் வாழ்வதால் அந்தப் பெயர்). நான் பிறப்பதற்கு முன்னால் நடந்த கதை. பள்ளிக்கூடத்தில் அதியமானும் ஔவையும் நெல்லிக்கனியும் சொல்லிக்கொடுத்தார்கள். வாச்சாத்தியை ஒருத்தரும் சொல்லித் தரவில்லை.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடி காலையில் வனத்துறை ஆட்கள் வருகிறார்கள். ஊர்க்காரர்களுடன் தகராறாகி ஒரு வனத்துறை ஊழியர் அடிபடுகிறார். சாயங்காலத்துக்குள் பெரும் படை வந்து இறங்கியது. சிபிஐ பின்னால் எண்ணிச் சொன்ன கணக்குப்படி வனத்துறை 155 பேர், போலீஸ் 108 பேர், வருவாய்த்துறை 6 பேர். மொத்தம் 269. ஆண்கள் பெரும்பாலும் மலைக்கு ஓடிவிட்டார்கள். அகப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் வயசானவர்களையும் ஆலமரத்தடியில் இழுத்து வந்து உட்கார வைத்தார்கள். கட்டை எங்கே புதைத்திருக்கிறது காட்டு என்று சொல்லி 18 பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோனார்கள். 18 பேரும் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். இதற்கு மேல் நான் விவரிக்கப் போவதில்லை. அவர்களே கோர்ட்டில், ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

அன்று ராத்திரி அரூர் வனத்துறை அலுவலகத்தில் வைத்திருந்தார்கள். ஊர்க் கவுண்டரை விளக்குமாற்றால் அடிக்கச் சொல்லி அந்தப் பெண்களையே மிரட்டியதாகவும் பதிவாகியிருக்கிறது. பிறகு 90 பெண்கள், 28 குழந்தைகள், 15 ஆண்கள் என 133 பேர் மீது வழக்குப் போட்டு சேலம் ஜெயில். ஊரில் வீடுகளை இடித்து, பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் அள்ளி, கிணற்றையும் பாழாக்கிவிட்டுப் போனார்கள்.

நான் பெரிதும் யோசித்தது இந்த 28 குழந்தைகளைப் பற்றித்தான். ஒரு குழந்தை ஜெயிலுக்குள் போக வேண்டுமென்றால் எத்தனை காகிதம் வேண்டும்! ரிமாண்டு, வாரண்டு, ஜெயில் ரிஜிஸ்டர், எல்லாவற்றிலும் கையெழுத்து. அவ்வளவும் ஒழுங்காக நடந்திருக்கிறது. முறை தவறியது என்று ஃபைலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஜூலையில்தான் விஷயம் வெளியே கசிந்தது. தமிழ்நாடு பழங்குடி மக்கள் சங்கத்துக்காரர்கள் அந்தப் பக்கம் போனபோது ஆளில்லாத ஊரைப் பார்த்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர் நல்லசிவன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார், அங்கிருந்து வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அரசு தரப்பு எல்லாவற்றையும் மறுத்தது. வீடுகளை ஊர்க்காரர்களே இடித்துக்கொண்டார்கள் என்றுகூட வாதம் வைத்தார்கள்.

இங்கே ஒருவரை முக்கியமாகச் சொல்ல வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தேசிய ஆணையத்தின் தென்மண்டல இயக்குநராக இருந்த பாமதி. அவரும் அதிகாரிதான், அதே அரசு இயந்திரத்தின் ஆள். ஊருக்கு நேரில் போனார், ஜனங்களிடம் பேசினார், அதிகாரிகள் சொல்லும் கதை நம்பும்படி இல்லை என்று அறிக்கை எழுதினார். அரசுக்கு எதிராக இன்னொரு அரசுக் காகிதம்! 1992-ல் அந்த அறிக்கை இல்லாமல் போயிருந்தால், படிக்காத மலைஜனம் சொல்வதா, சர்க்கார் சொல்வதா என்ற தராசில் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

1995 பிப்ரவரி 24-ல் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. அடுத்த வருஷம் குற்றப்பத்திரிகை.

'ஃபாரஸ்ட்காரங்க செஞ்சாங்க' என்று சொன்னால் எந்தக் கோர்ட்டிலும் வழக்கு நிற்காது. எந்த ஃபாரஸ்ட்காரர்? காக்கிச் சட்டைக் கூட்டத்தில் ஒவ்வொரு முகத்தையும் அந்தப் பெண்களே அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. தன்னைச் சீரழித்தவன் எதிரே நின்று கை நீட்டி 'இவன்தான்' என்று சொல்வது. நாங்கள் ஏசி ரூமில் உட்கார்ந்து ஒரு கட்டளை தட்டித் தெரிந்துகொள்ளும் விஷயத்தை, அவர்கள் இப்படித் தெரிவித்தார்கள். அரசாங்கம் என்ற உருவமில்லாத ஒன்று, முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று 269-வது எதிரி வரைக்கும் பேர் பேராகப் பிரிந்தது.

பேர் வந்த பிறகும் தீர்ப்புக்குப் பதினைந்து வருஷம் ஆனது. 2011 செப்டம்பர் 29. நான் அப்போது ஹைஸ்கூல். தர்மபுரி கோர்ட் பக்கம் எங்கே பார்த்தாலும் போலீஸ், எங்க பஸ் சுற்றிக்கொண்டு போனது. என்னவென்று கேட்டதற்கு, "ஏதோ கேஸாம்" என்றார் கண்டக்டர். அந்த 'ஏதோ கேஸ்' முடிவதற்குள் 269 பேரில் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று நீதிபதி குமரகுரு தீர்ப்பளித்தார். வனத்துறை 126, போலீஸ் 84, வருவாய்த்துறை 5. நான்கு ஐஎஃப்எஸ் அதிகாரிகளும் அதில் அடக்கம். 17 பேர் மீது பாலியல் வன்கொடுமை நிரூபணமாகி, 12 பேருக்குப் பத்து வருஷம், 5 பேருக்கு ஏழு வருஷம்.

ஒருத்தர்கூட விடுதலை இல்லை. ஆனாலும் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். 1855 கமிஷனை விட இது நிச்சயம் உயரமாகப் போயிருக்கிறது. ஆனால் கலெக்டர்? எஸ்.பி.? மூன்று துறைகளிலிருந்து 269 பேர் வண்டி ஏறுகிறார்கள், ஒரு ஊரே ஜெயிலுக்குப் போகிறது, மாவட்டத்தின் உச்சியில் இருந்தவர்கள் இருவரும் எதிரிகள் பட்டியலில் இல்லை.

இதே சந்தனக் காட்டுக் கதையில் இன்னொரு அத்தியாயத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வீரப்பனைத் தேடிய தமிழக, கர்நாடக அதிரடிப்படைகள் மீது ஏராளமான சித்திரவதைப் புகார்கள். மனித உரிமை ஆணையம் 1999-ல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு போட்டது. 2007-ல் 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நிவாரணம் தரச் சொன்னார்கள். பணம் வந்தது, பேர் வரவில்லை. அரசாங்கம் கொடுக்கும் நிவாரணம் என்றால் உங்கள் வரிப்பணமும் என் வரிப்பணமும்தான். அடித்தவன் சட்டைப்பை அப்படியே இருக்கும்.

தண்டனை பெற்றவர்கள் மேல்முறையீடு போக, அது இன்னொரு பன்னிரண்டு வருஷம். 2023 மார்ச் 4-ல் உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் வந்து பார்த்தார். அதே வருஷம் செப்டம்பர் 29-ல் (ஆமாம், அதே தேதி) எல்லா மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்தார். 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம், பெண்களோ குடும்பத்தினரோ பிழைக்க வேலை அல்லது சுயதொழிலுக்கு ஏற்பாடு. தீர்ப்பில் நான் ரெண்டு தடவை படித்த இடங்கள் வேறு. ஒன்று, அந்தப் பத்து லட்சத்தில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும். இன்னொன்று, அன்றைய மாவட்ட கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மூவர் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும். சம்பவம் நடந்து 31 வருஷம் கழித்துத்தான் 'மேலே' என்ற திசையில் ஒரு நீதிமன்றம் கை நீட்டியது. 'தெரியாது, கீழே இருக்கிறவங்க செஞ்சாங்க' என்பது 1855-ல் செல்லுபடியான சாக்கு. 2023-ல் செல்லவில்லை.

முப்பத்தொரு வருஷத்தை நினைத்தால் சந்தோஷப்படவும் முடியவில்லை. பத்தொன்பது வயசில் அடையாளம் காட்டக் கிளம்பிய ஒரு பெண்ணுக்கு ஐம்பது வயசாகியிருக்கும்.

நிற்க. எங்க பட்டா விஷயத்தையும் இதையும் ஒப்பிடுகிறேன் என்று யாரும் அடிக்க வராதீங்க. அப்பாவுக்கு இழப்பு நாலு நடை பஸ் சார்ஜும் கொஞ்சம் தன்மானமும்தான். ஆனால் 'மேலே' என்ற அந்த வார்த்தை ஒன்றுதான்.

டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதினேன். தமிழ்நாட்டில் 1997-லேயே ஒரு தகவல் சட்டம் இருந்தது, ஏகப்பட்ட விலக்குகளோடு, பல் இல்லாமல். 2005-ல் வந்த மத்திய சட்டத்துக்குக் கொஞ்சம் பல் உண்டு. முப்பது நாளில் பதில் தர வேண்டும். தகுந்த காரணமில்லாமல் தாமதித்தால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை தகவல் அலுவலர் மேலேயே அபராதம் விழும். அவர் சொந்தப் பணம், அரசாங்கப் பணம் கிடையாது.

பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறேன்: இந்த மனு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எந்த அலுவலரிடம் இருந்தது, அவர் பெயர், பதவி என்ன?

எழுதியதை அப்பா வாங்கிப் படித்தார். "பேரெல்லாம் எதுக்குடா கேக்கற, கோவிச்சுக்கப் போறாங்க" என்றார். அப்புறம் அவரே கையெழுத்துப் போட்டு, தபாலாபீஸுக்கும் அவரே போய் ரிஜிஸ்டர் பண்ணிவிட்டு வந்தார். இன்றோடு பத்தொன்பது நாள். பதில் வந்ததும் இங்கே சொல்கிறேன்.